ஸ்விட்சர்லாந்தில் கோல்ஃப்: ஏஜெண்டை நம்பிப் போய் நான் பட்ட பாடு

ஸ்விட்சர்லாந்துக்குக் கோல்ஃப் ஆடப் போய் வந்ததில் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபாய் தண்டமாகப் போயிருக்கிறது. ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. பயணமே மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆடிய மைதானங்கள் ஒன்றைவிட ஒன்று அருமை. ஆனால் கிளம்பும் முன் யாராவது உட்காரவைத்து, அங்கே கோல்ஃப் எப்படி நடக்கிறது, எதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். தமிழில் தேடினால் பனிமலை, ரயில், சாக்லேட் பற்றித்தான் கிடைக்கிறது. கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனவர் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் சென்னை நந்தனத்தில் ஆடிப் பழகியவன், ஹாண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்ல ஆட்டம்) 17. நாலு பேராகப் போவதாகத்தான் பேச்சு. ஒருவருக்கு மகள் கல்யாணம், ஒருவருக்கு முழங்கால், இன்னொருவர் காரணமே சொல்லவில்லை. கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். டிக்கெட் போட்டாயிற்று, விசா வந்தாயிற்று, சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பிவிட்டேன். ஏற்பாடு எல்லாம் ஒரு டிராவல் ஏஜெண்ட். சமேடன், ஆண்டர்மாட், க்ரான்-மொன்டானா, அஸ்கோனா என்று நாலு மைதானம், ஹோட்டல், ரயில் பாஸ், நாலு இடத்துக்கும் கிரீன் ஃபீ, அதாவது ஆடுவதற்கான கட்டணம், எல்லாம் அடக்கம் என்று ஒரே தொகையாக வாங்கிக்கொண்டார். "எல்லாம் கன்ஃபர்ம் ஆயிடுச்சு சார், நீங்க போய் நின்னா போதும் சார்" என்றார். மைதானங்களின் தேர்வில் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு என்னைக் கேட்டாலும் அதே பட்டியலைத்தான் சொல்வேன். தகராறு எல்லாம் அந்த 'கன்ஃபர்ம்' என்ற சொல்லில்.

ஆனால் முதல் அடி ஏஜெண்ட் கொடுத்தது இல்லை. சூரிச்சில் இறங்கியபோது பெட்டி வந்தது, கோல்ஃப் பை வரவில்லை. விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டதாம். இந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து, எண்ணுடன் கூடிய ரசீதை வாங்கிவிட வேண்டும். பை எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று நம் ஹோட்டல் விலாசங்களை வரிசையாக எழுதிக் கொடுக்கலாம். நான் அப்படிக் கொடுத்ததால்தான் அது என்னைத் துரத்திக்கொண்டு வந்து சேர்ந்தது. பை வரும்வரை கிளப்பில் வாடகைக்கு மட்டை எடுத்தால் அந்த ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தாமதத்தால் ஆன நியாயமான செலவை விமான நிறுவனத்திடம் கேட்க, விமானப் பயணத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான மொன்ட்ரியால் உடன்படிக்கை இடம் தருகிறது. பை கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். உள்ளே ஏதாவது உடைந்திருந்தால் கெடு 7 நாள்தான். ஈடுக்கு உச்சவரம்பு உண்டு: 2024 டிசம்பர் கடைசியிலிருந்து ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது விளையாட்டுச் சாமான் அதில் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். என்னுடையதில் சேரவில்லை.

சூரிச்சிலிருந்து கூர் என்ற ஊர் வழியாக சமேடனுக்கு ரயில். ஆல்புலா பாதை, அந்த வளைந்த லாண்ட்வாசர் பாலம், எல்லாம் படத்தில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது, ஆனால் என் மனசெல்லாம் பையில் இருந்தது. எங்கடீன் பள்ளத்தாக்கில் இருக்கும் சமேடன் கிளப் 1893-ல் தொடங்கியது, நாட்டிலேயே மிகப் பழையது. 1923-ல் முதல் ஸ்விஸ் ஓபன் நடந்ததும் இங்கேதான். 1,700 மீட்டர் உயரம் என்றாலும் மைதானம் பெரும்பாலும் சமதரை. லார்ச் மரங்கள், குறுக்கே ஓடும் தண்ணீர், நாலா பக்கமும் மலை. மலை ஏறி இறங்கும் மைதானமோ என்று பயப்படும் ஐம்பது வயதுக்காரர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

வரவேற்பறைப் பெண் என் பெயரைக் கணினியில் தேடினார். இருந்தது. ஆனால் காலை நேரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்திருப்பதாகவும், ஹாண்டிகேப் சான்று அனுப்பச் சொல்லி அவர்கள் எழுதியதற்குப் பதிலே வரவில்லை என்றும், அதனால் இடம் ஒதுக்கவில்லை என்றும் சொன்னார். பணம்? யாரும் கட்டவில்லை. ஏஜெண்ட் கொடுத்த வவுச்சரைக் காட்டினேன். அது அவரே அச்சடித்தது என்று அந்தப் பெண் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, கிளப்பின் பெயரிலேயே ஒரு எழுத்து தப்பாக இருந்தது. சென்னைக்குப் போன் போட்டேன். "சார், அது சிஸ்டம்ல அப்டேட் ஆகலை சார், நீங்க கட்டிடுங்க, நான் அட்ஜஸ்ட் பண்ணிடறேன்." மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு இடம் கிடைத்தது. கிரீன் ஃபீ, வாடகை மட்டை, டிராலி எல்லாம் சேர்த்து இருநூறு ஃபிராங்கை நெருங்கிவிட்டது. ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் என்று மனசுக்குள் பெருக்கிக்கொண்டே அட்டையை நீட்டினேன்.

இங்கே நிறுத்தி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஸ்விட்சர்லாந்தில் கோல்ஃப் மைதானம் என்றால் பெரும்பாலும் அது ஒரு கிளப். விருந்தினருக்கு இடம் தருவார்கள், மரியாதையாகவும் நடத்துவார்கள், ஆனால் அங்கீகாரம் பெற்ற ஒரு கிளப்பில் உறுப்பினர் என்பதற்கும் ஹாண்டிகேப்புக்கும் சான்று கேட்பார்கள். பல இடங்களில் 36 வரை போதும், சில இடங்களில் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், வார இறுதியில் இன்னும் கெடுபிடி. நம் ஊர் கிளப் செயலரிடம் தேதி போட்டு, ஆங்கிலத்தில், முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் படத்தைக் கிளப்புக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். ஏஜெண்ட் வழியாகப் போனாலும், கிளப்பே அனுப்பிய மின்னஞ்சல், அதில் உங்கள் பெயர், ஆடும் நேரம், பணம் கட்டியாயிற்றா இல்லையா என்ற மூன்றும் இருந்தால்தான் அது முன்பதிவு. ஏஜெண்ட் கையெழுத்துப் போட்ட தாள் எதற்கும் உதவாது. அங்கே எல்லா வரவேற்பறையிலும் ஆங்கிலம் பேசினார்கள், எழுதிய மின்னஞ்சல்களுக்கு ஒரு நாளில் பதில் போட்டார்கள். நடுவில் ஆள் எதற்கு என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இரண்டு மணிக்கு, முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நின்றபோது அடுத்த பாடம். எங்கடீனில் மலோயா காற்று என்று ஒன்று உண்டு. சாதாரணமாக வெயில் நாளில் பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து மேலே ஏறும். இங்கே நேர்மாறு. பக்கத்துப் பள்ளத்தாக்கின் காற்று தணிவான மலோயா கணவாயைத் தாண்டி வழிந்து, இந்தப் பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழ்நோக்கி வீசுகிறது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, முற்பகலில் தொடங்கி சாயங்காலம் வரை விடாது. கொஞ்சம் தள்ளி சில்வாப்லானா ஏரியில் பாய்மரக்காரர்கள் எல்லாம் இதற்காகவே கூடுகிறார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம், நமக்குத் திண்டாட்டம். பழகாத மட்டை, எதிர்க்காற்று. முதல் ஒன்பது குழியில் நான் எண்ணிக்கையையே விட்டுவிட்டேன். சமேடனில் காலை எட்டு, எட்டரைக்கு இடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் சாயங்காலக் கட்டணத்தைப் பற்றி விசாரியுங்கள்.

இன்னொன்று, அங்கே கேடி கிடையாது. நமக்குப் பையைத் தூக்க, பந்தைத் தேட, குழியை நோக்கி உருட்டும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தே பழக்கம். நந்தனத்தில் என் கேடி இல்லாமல் நான் இரண்டு குழி ஒழுங்காக ஆடியதில்லை. அங்கே டிராலியை நாமே இழுக்க வேண்டும், பங்கர் என்ற மணல்பள்ளத்தை நாமே சமன்செய்ய வேண்டும், கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரையில்) பந்து விழுந்த பள்ளத்தை நாமே சரிசெய்ய வேண்டும். செய்யாமல் நகர்ந்தால் கூட ஆடுபவர் ஒன்றும் சொல்லாமல் தானே செய்துவிட்டு நம்மைப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். பேட்டரி வண்டிகள் இருந்தாலும் குறைவு, முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். போவதற்கு முன் ஒரு மாதம் தினம் நடந்து பழகுங்கள்.

ஆண்டர்மாட்டுக்கு மறுநாள் ரயில். இதிலும் ஏஜெண்ட் ஒரு கைவரிசை காட்டியிருந்தார். கிளேசியர் எக்ஸ்பிரஸில் இருக்கை முன்பதிவுக்கு என்று தனியாக ஒரு தொகை. கண்ணாடிக் கூரை, பரிமாறும் சாப்பாடு எல்லாம் வேண்டுமானால் சரி. ஆனால் அதே தண்டவாளத்தில், அதே ஓபரால்ப் கணவாயை ஏறி இறங்கி, சாதாரண ரயில்களும் போகின்றன. பாஸ் இருந்தால் முன்பதிவே வேண்டாம், ஜன்னலையும் திறக்கலாம். கோல்ஃப் பையோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி, இரண்டு மூன்று தடவை வண்டி மாறினாலும். பெரிய சாமானை ரயில்வேயிடமே ஒப்படைத்து அடுத்த ஊர் நிலையத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது, கோல்ஃப் பைக்கும் அது செல்லும்.

ஆண்டர்மாட் முன்னே ராணுவ ஊர். எகிப்தியத் தொழிலதிபர் சமி சவீரிஸ் வந்து உல்லாச ஊராக மாற்றினார். மைதானம் 2016-ல் திறந்தது, வடிவமைத்தவர் ஜெர்மன்காரர் குர்ட் ரோஸ்க்னெக்ட். உர்சரன் பள்ளத்தாக்கு நெடுக, ராய்ஸ் நதியை ஒட்டி, 1,400 மீட்டருக்கு மேல் கிடக்கிறது. மரம் அதிகமில்லை, புல்லும் பாறையும் காற்றும்தான். எனக்கு இது சமேடனைவிடப் பிடித்தது. முதல் பதினைந்து நிமிஷத்தில் நம்மை வரவேற்கும் மைதானம் இல்லை இது, ஃபேர்வேயை, அதாவது நடுவில் வெட்டிவிட்ட புல்பாதையை, விட்டால் பந்து போனது போனதுதான். நாலைந்து பந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கடையில் வாங்கினால் கை கடிக்கும். இங்கே முன்பதிவு இருந்தது, பணமும் கட்டியிருந்தது. ஏஜெண்டுக்கு நன்றி சொல்லக்கூட நினைத்தேன்.

இங்கேதான் தூரக் கணக்கு பிடிபட்டது. ஐரோப்பாவில் பலகையில் இருப்பது மீட்டர், நம் தலையில் இருப்பது யார்டு. 150 என்று பார்த்து நம் 150 யார்டு மட்டையை எடுத்தால் குறையும், ஏனென்றால் அது 164 யார்டு. ஆனால் உயரத்தில் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 6 சதவீதம். ஆகவே அந்த 164-க்கு நாம் கீழே 155 யார்டு அடிக்கிற மட்டையே போதும். சுருக்கமாக, மலையில் மீட்டர் எண்ணை யார்டு என்றே வைத்துக்கொண்டு ஒரு நாலைந்து கூட்டினால் கணக்கு சரியாக வரும். ஊட்டி ஜிம்கானாவில் ஆடியவர்களுக்கு இந்த உயர வித்தை ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் ஏரிக்கரை மைதானங்களுக்கு இறங்கினால் இந்தச் சலுகை கிடையாது, அங்கே 150 என்றால் முழு 164.

பதினோராவது குழியில் மேற்கே கறுத்தது. கூட ஆடிய பெர்ன் தம்பதி அண்ணாந்து பார்த்துவிட்டு மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு சங்கு. விதி தெரியாதவர்களுக்கு: நீளமாக ஒரே சங்கு என்றால் மின்னல் போன்ற ஆபத்து, அந்த நொடியே நிறுத்த வேண்டும், அடிக்க ஓங்கிய மட்டையைக்கூட இறக்கிவிட வேண்டும். மூன்று முறை விட்டு விட்டு அடித்தால் சாதாரண நிறுத்தம், ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடிக்கலாம். இரண்டு முறை என்றால் மறுபடி தொடங்கலாம். நாங்கள் குடிலுக்கு ஓடினோம். இரண்டு முறைச் சங்கு வரவே இல்லை. கோடையில் ஆல்ப்ஸில் பிற்பகல் இடிமழை சர்வசாதாரணம், அதனாலும் காலை நேரம்தான் நல்லது. பாதியில் நின்றால் பணத்துக்கு என்ன வழி என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு கொள்கை. எனக்கு மறுநாள் ஒன்பது குழி ஆட விட்டார்கள், அது அவர்கள் பெருந்தன்மை.

அன்று இரவு ஹோட்டலுக்கு என் பை வந்தது. திறந்து பார்த்தால் டிரைவரின், அதாவது தூர அடிக்கான நீள மட்டையின், கழுத்து ஒடிந்திருந்தது. மெத்தென்ற துணிப்பைதான் போட்டிருந்தேன், நம் ஊரில் எல்லாரும் போடுவது அதுதான். டிரைவரின் தலையைக் கழற்றி உடைகளுக்குள் சுற்றி வைப்பது, நீளமான மட்டைகளைவிட ஓர் அடி உயரமாக ஒரு கம்பியை நடுவில் நிறுத்தி இடியை அது வாங்கும்படி செய்வது, அல்லது கெட்டிப் பெட்டியே வாங்கிவிடுவது, இதில் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள். நான் படம் எடுத்து அன்றைக்கே விமான நிறுவனத்துக்கு எழுதினேன். மெல்லிய உறை என்று சொல்லிப் பாதிதான் தந்தார்கள். வாடகை மட்டைக் காசை முழுசாகத் தந்தார்கள்.

இனி க்ரான்-மொன்டானா. இந்தப் பயணத்தையே நான் போட்டது இதற்காகத்தான். வாலே மாநிலத்தில், ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே 1,500 மீட்டரில் இருக்கிறது. சியேர் ஊரிலிருந்து 1911 முதல் ஓடும் கம்பிவட ரயிலில் ஏறினால் பன்னிரண்டு நிமிஷத்தில் மேலே விட்டுவிடும். ஐரோப்பிய மாஸ்டர்ஸ் போட்டி 1939 முதல் இங்கேதான் நடக்கிறது. மைதானத்துக்கு ஸ்பெயின் வீரர் செவெ பாலெஸ்டெரோஸ் பெயர். அவர் இங்கே மூன்று முறை ஜெயித்தார், பிறகு மைதானத்தைத் திருத்தியும் அமைத்தார். ஆனால் ஊர் பேசுவது அவர் தோற்ற 1993-ஐத்தான். கடைசிக் குழியில் பந்து ஒரு நீச்சல்குளத்தின் மதிலுக்குப் பின்னால் போய் விழுந்துவிட்டது. மதில் ஆளுயரம், தலைக்கு மேல் கிளைகள். பக்கவாட்டில் தட்டிவிடச் சொல்லி கேடி கெஞ்ச, இவர் மதிலுக்கும் கிளைக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அடித்து வெளியே கொண்டுவந்து, அடுத்த அடியில் பந்தைக் குழிக்குள்ளேயே சிப் செய்தார். பர்டி, குழிக்கு நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு. அப்படியும் இங்கிலாந்து வீரர் பேரி லேனிடம் ஒரே ஒரு அடியில் தோற்றார்.

இந்தக் கதையை மனப்பாடம் செய்துகொண்டு போனவன் நான். கம்பிவட ரயிலில் கூட்டம். எல்லார் கழுத்திலும் ஏதோ அட்டை. மேலே இறங்கினால் கொடிகள், கூடாரங்கள், தொலைக்காட்சி வண்டிகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போட்டி நடக்கும் வாரம் அது. அந்தப் போட்டி வருஷாவருஷம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில்தான் நடக்கும். வருடக்கணக்கில் மாறாத வழக்கம். அந்த வாரத்துக்குத்தான் ஏஜெண்ட் எனக்கு ஆட நேரம் 'கன்ஃபர்ம்' செய்திருந்தார், கிரீன் ஃபீயும் வாங்கியிருந்தார். அறை வாடகையும் போட்டி வாரத்து விலை, ரத்து செய்தால் திரும்பாது. வரவேற்பறையில் கேட்டதற்கு, உலகத் தரவரிசையில் இருந்தால் ஆடலாம் என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஏஜெண்டிடம் கத்தினேன். "சார், அட்மாஸ்ஃபியர் செமையா இருக்கும் சார், லைவ்வா பாருங்க சார்" என்றார். போனை வைத்துவிட்டேன். இவ்வளவு தூரம் தனியாக வந்து, கட்டிய காசுக்கு இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று அழுகை வந்தது. எழுத வெட்கமாக இல்லை, வந்தது.

எந்த மைதானத்துக்கும் போகும் முன் அந்தக் கிளப்பின் வருடாந்திர நாட்காட்டியைப் பாருங்கள். பெரிய போட்டி மட்டுமில்லை, உறுப்பினர் கோப்பை, கம்பெனி நாள், பெண்கள் நாள் என்று மைதானம் முழுசாகவோ பாதி நாளோ மூடியிருக்கும். உலகப் போட்டி என்றால் அந்த வாரம் மட்டுமில்லை, முன்னும் பின்னும் சில நாள் ஏற்பாட்டுக்கும் போய்விடும். க்ரானில் ஆட ஆசைப்பட்டால் ஜூன் கடைசியும் ஜூலையும்தான் உத்தமம். உயரத்து மைதானங்கள் பெரும்பாலும் மே கடைசி, ஜூனுக்கு முன் சரியாகத் திறக்காது, அக்டோபரோடு முடிந்துவிடும். செப்டம்பரில் போனால் காலையில் கிரீனில் உறைபனி இருக்கும், அது உருகும்வரை யாரையும் விடமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் சியேருக்கு இறங்கி ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்தேன். சமையலறைக் கதவு திறந்தபோது தமிழ்ப் பாட்டு. வெளியே வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல். பையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "தம்பி, இந்தக் கிழமை மேல ஒண்டும் விளையாடேலாது. எல்லாத்தையும் பூட்டி வைச்சிருக்கினம். நீர் பிரிக் பக்கம் போய்ப் பாரும். ரீடராள்ப் எண்டு ஒரு இடம், கார் ஒண்டும் போகாது, அங்க ஒரு சின்னக் கோல்ஃப் தரை இருக்கு. என்ர மகன் போறவன்." சாப்பாட்டுக் காசில் பாதியைத்தான் வாங்கினார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மறுநாள் பிரிக் வழியாக மொரெல் போய், கேபிள் காரில் ரீடராள்ப். ஒன்பதே குழி, எல்லாம் குட்டை. ஆனால் 1,900 மீட்டருக்கு மேல், எதிரே வாலே சிகரங்கள் வரிசையாக நிற்க, கொஞ்சம் மேலே நடந்தால் ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாறு. டிரைவர் ஒடிந்தது இங்கே ஒரு பொருட்டே இல்லை, பாதி குழிகளுக்கு குட்டை அயர்ன் மட்டை போதும். கட்டணம் பெரிய மைதானங்களில் கேட்டதில் பாதிகூட இல்லை. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒன்பதை முடித்துவிட்டு மறுபடி ஒன்பது ஆடினேன். இந்தப் பயணத்தில் எந்த நாளைத் திரும்பக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதல் தடவை போகிறவர்கள், ஹாண்டிகேப் அதிகம் உள்ளவர்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் பெரிய பெயர்களுக்கு நடுவே இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

அடுத்த நாள் சீட்டு வாங்கிக்கொண்டு போட்டியையும் பார்த்தேன். பதினெட்டாவது குழியின் அந்த மதிலையும் போய்ப் பார்த்தேன். தொலைக்காட்சியில் தெரிவதைவிட உயரம். சரி, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அஸ்கோனாவுக்கு பிரிக்கிலிருந்து சிம்ப்ளான் சுரங்கம் வழியாக இத்தாலியின் டொமோடொஸ்ஸோலா போய், அங்கிருந்து சென்ட்டோவல்லி சின்ன ரயிலில் லோகார்னோ. நடுவில் இன்னொரு நாடு வருவதால் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். இங்கே எதுவும் தப்பாகவில்லை, ஏனென்றால் க்ரானிலிருந்தே நானே கிளப்புக்கு எழுதி, ஏஜெண்ட் கட்டாத பணத்தை நானே கட்டிவிட்டேன். மாஜோரே ஏரிக்கரையில் 1928-ல் தொடங்கிய மைதானம், மரங்கள் அடர்ந்து, வெயிலும் பனைகளுமாக வேறொரு தேசம்போல இருக்கிறது. மலை மைதானங்கள் மூடிய பிறகும் இங்கே ஆடலாம். கூட ஆடியவர்கள் இன்னும் சில பெயர் சொன்னார்கள்: லெமன் என்ற ஜெனீவா ஏரிக்கரையில் பீட் டை வடிவமைத்த டொமேன் அம்பீரியல், ஜெனீவாவில் ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் அமைத்தது, லூசர்னில் 1903-லிருந்து இருக்கும் டீட்ஷிபெர்க். முதல் இரண்டிலும் விருந்தினருக்கு இடம் கிடைப்பது சிரமம், வார நாளில் மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் மிக்ரோஸ் என்ற மளிகைக்கடைக் கூட்டுறவு தொடங்கி வைத்த பொது மைதானங்கள் சமவெளி ஊர்களில் இருக்கின்றன, அங்கே கெடுபிடி குறைவு. சாப்பாட்டுக்கும் அதே மிக்ரோஸ் கடைதான் கதி, கிளப் உணவகத்தில் ஒரு சூப் குடித்த காசில் அங்கே மூன்று வேளை தள்ளலாம். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், ஊர்க் குழாய்த் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது.

பணக் கதை இன்னும் முடியவில்லை. திரும்பி வந்ததும் கிளப்புகளின் மின்னஞ்சல்களையும் ரசீதுகளையும் ஏஜெண்டுக்கு ஒரே கோப்பாக அனுப்பினேன். முதலில் பதிலில்லை. பிறகு அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்கிறேன் என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்த பிறகு சமேடன், க்ரான், அஸ்கோனா மூன்றின் கிரீன் ஃபீயும் வங்கிக் கணக்கில் வந்தது. க்ரான் ஹோட்டல் காசை மட்டும், தங்கினீர்களே சார் என்று சொல்லித் தர மறுக்கிறார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. நீங்கள் யாருக்காவது இப்படி மொத்தத் தொகை கொடுக்கப்போகிறீர்கள் என்றால், எந்த மைதானத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணி என்று பிரித்து எழுதிய ரசீதை முதலிலேயே வாங்குங்கள். என்னிடம் அது இருந்ததால்தான் அந்த மூன்று இடத்துக் காசாவது திரும்பியது. ஹோட்டலுக்கு அப்படிப் பிரித்து எழுதி வாங்கவில்லை, வக்கீல் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.